வைரப் பெட்டிக்குள் விதை வந்த விதம்: ஒரு மைன்கிராஃப்ட் கிடங்கின் நிகழ்வு ஆய்வு

மைன்கிராஃப்ட் என்பது பிளாக் எனப்படும் கட்டைகளை அடுக்கிக் கட்டும் வீடியோ விளையாட்டு. அதற்குள் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து கட்டிய, பொருளைத் தானே பிரித்து வைக்கும் தானியங்கிக் கிடங்கு ஒன்று பழுதானது. அதைத் திருட்டு என்று நினைத்துவிட்டோம். ஒரு பையன் மேல் பழி விழுந்தது. உண்மை தெரிய ஒரு வாரம் ஆனது. ரெட்ஸ்டோன் (விளையாட்டுக்குள் மின்சாரம் போல வேலை செய்யும் பொருள்) வைத்து ஏதாவது கட்டுகிறவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வைத்து இப்படி ஒரு குழு நடத்துகிறவர்களுக்கும் உதவும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஐந்து வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

## பின்னணி

நான் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மின் பராமரிப்பு பார்க்கிறவன். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் வீடு. சனி ஞாயிறு மாடி அறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி மைன்கிராஃப்ட் விளையாடுவார்கள். என்னுடைய பழைய டேப்லெட்டில் உலகம் இருக்கும். மற்றவர்கள் வீட்டு ஃபோனை எடுத்து வந்து அதே வைஃபையில் சேர்ந்துகொள்வார்கள். டேப்லெட்டை மூடினால் உலகமும் மூடிவிடும், அதனால் எல்லாமே என் கண் முன்னால்தான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேர். பத்தாவது படிக்கும் மூத்தவன். கொலுசுப் பட்டறைக்காரர் மகள் ஒருத்தி, 14 வயது. அக்கா தம்பி இருவர். ஐந்தாவது, 12 வயதுப் பையன். அவன் ஊர் ஏற்காடு. அம்மா காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். இவன் சேலத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறான். மற்ற நான்கு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இவன் ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தான். சித்தியின் ஃபோன் கிடைக்கும் நாளில் மட்டும் வருவான். வந்தால் சுரங்கத்துக்குப் போக மாட்டான். கிடங்குக்குப் பக்கத்திலேயே வயல் போட்டு, விதை விதைத்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டிருப்பான்.

பட்டறைக்காரர் மகளிடம் ஒரு நோட்டு உண்டு. பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, கொலுசாக வரும்போது மறுபடி எடை போட்டு, குறைந்ததைச் சேதாரம் என்று எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவள். கிடங்கில் என்ன வந்தது, எவ்வளவு எடுத்தார்கள் என்று அதே பாணியில் எழுதி வைப்பாள். யாரும் கேட்டு அவள் செய்ததில்லை. பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

## கிடங்கு வேலை செய்த விதம்

காலாண்டு விடுமுறையில் கட்டத் தொடங்கி அக்டோபர் கடைசியில் முடித்தார்கள். வாசலில் ஒரு பெட்டி. கொண்டுவந்ததை எல்லாம் அதில் கொட்டினால் போதும். அங்கிருந்து கிடங்கின் நீளத்துக்கும் ஹாப்பர் (மேலிருந்து பொருளை இழுத்து அடுத்ததற்குத் தள்ளும் புனல்) வரிசை ஒன்று ஓடும். பொருள் ஒவ்வொன்றாக அதில் நகரும். ஹாப்பர் ஒன்று ஒரு பொருளை நகர்த்த 0.4 வினாடி எடுக்கும், வினாடிக்கு இரண்டரைப் பொருள். வரிசைக்குக் கீழே பொருளுக்கு ஒன்று வீதம் எட்டுச் சல்லடை. சல்லடை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஜவ்வரிசியைப் பருமன் வாரியாகப் பிரிக்கும் சல்லடையை ஒருமுறை ஆலையில் காட்டியிருந்தேன்.

சல்லடையும் ஒரு ஹாப்பர்தான். அதில் ஐந்து கட்டம். முதல் கட்டத்தில் நமக்கு வேண்டிய பொருள் 18. மற்ற நான்கிலும் கட்டத்துக்கு ஒரு குச்சி. வேறு குச்சி வந்து இதோடு ஒட்டிவிடக் கூடாது என்று அன்வில்லில் பெயர் மாற்றிய குச்சி. ஆங்கில எழுத்தில் ‘தட்டுவடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்படி ஐந்து கட்டமும் அடைபட்டிருப்பதால் வைரச் சல்லடைக்குள் வைரம் மட்டும்தான் நுழைய முடியும்.

சல்லடைக்குக் கீழே பொருளை இறக்குவதற்கு இன்னொரு ஹாப்பர். ரெட்ஸ்டோன் டார்ச் எரிகிறவரை அது பூட்டிக் கிடக்கும். சல்லடையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒரு கம்பேரட்டர் அளந்துகொண்டே இருக்கும். 18-ம் நான்கு குச்சியும் சேர்ந்து 22 இருக்கும்போது அது தரும் சிக்னல் பலம் 1. இருபத்து மூன்றாவது பொருள் வந்ததும் 2. ரெட்ஸ்டோன் தூளில் ஒரு பிளாக் தாண்டுவதற்குப் பலம் ஒன்று குறையும். ஆகவே 1 முதல் தூளோடு செத்துவிடும், 2 மட்டும் இரண்டாவது தூளைத் தொட்டு ரிப்பீட்டரை (சிக்னலை மறுபடி முழுப் பலமாக்கி அனுப்பும் பாகம்) எழுப்பும். அந்தச் சிக்னல் பட்டதும் டார்ச் அணையும், கீழ் ஹாப்பர் திறக்கும், ஒரு வைரம் பெட்டியில் விழும், எண்ணிக்கை மறுபடி 22 ஆகும், பூட்டு விழும்.

கம்பேரட்டரும் ஹாப்பரும் விளையாட்டுக்குள் வந்தது 2013 மார்ச்சில். இந்தச் சல்லடை அமைப்பு அப்போதிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. மூத்தவன் ஒரு வீடியோவைப் பார்த்துக் கட்டினான். சரியாகவே கட்டினான், அதில் அவன் பிழை எதுவும் இல்லை.

மூன்று விவரங்களை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வரிசையில் முதல் சல்லடை கோபிள்ஸ்டோனுக்கு (சுரங்கம் தோண்டும்போது கிடைக்கும் சாதாரணக் கல், சுருக்கமாகக் கோபிள்), அதை ஒட்டி இரண்டாவது வைரத்துக்கு. கோபிள்தான் அதிகம் வரும் என்பதால் முதலிடம். வைரம் வாசலுக்குப் பக்கத்தில் கண்ணெதிரே இருக்கட்டும் என்று இரண்டாமிடம். இந்த இரண்டையும் மூத்தவன் சோதனைக்காக முதலில் கட்டினான், ஒட்டி ஒட்டி. மற்ற ஆறையும் பட்டறைக்காரர் மகள் கட்டினாள். நெருக்கமாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பிளாக் இடம் விட்டாள். இரண்டாவது, வரிசையின் கடைசியில் ஒரு டிராப்பர். எந்தச் சல்லடையிலும் சேராதது எல்லாம் அதன் வழியே லாவா குழியில் விழுந்து எரியும். மூன்றாவது, பெட்டிகள் எல்லாம் 27 கட்டம் உள்ள ஒற்றைப் பெட்டிகள்.

## நவம்பர், இரண்டாவது ஞாயிறு

சனி மாலை நோட்டில் வைரம் 52.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் சுரங்கம் தோண்டிய கோபிளை அடுக்கடுக்காக வாசல் பெட்டியில் கொட்டிவிட்டு மறுபடி சுரங்கத்துக்குப் போனார்கள். ஒரு முறை இல்லை, மூன்று நான்கு முறை. ஏற்காட்டுப் பையன் வயலில் இருந்தான். இடையில் ஒருமுறை தன் பையில் இருந்த விதை, மண், மரக்கன்று, எலும்பு, அழுகிய இறைச்சி என்று கலவையாக எல்லாவற்றையும் வாசல் பெட்டியில் கொட்டினான். பதினொன்றரைக்கு மூத்தவனும் பட்டறைக்காரர் மகளும் 23 வைரத்தோடு வந்தார்கள், கொட்டினார்கள், கத்திக் கொண்டாடினார்கள். மறுபடியும் கீழே போனார்கள்.

பன்னிரண்டரைக்கு அவள் வைரப் பெட்டியைத் திறந்தாள். 75 இருக்க வேண்டும், 70 இருந்தது. அதைவிட மோசம், பெட்டி முழுக்கக் கண்ட குப்பை. கோபிள், மண், கோதுமை விதை, எலும்பு.

விதை யாருடையது என்று யாரும் கேட்கவே தேவையில்லை. நான்கு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

அவர்கள் அடுக்கிய சாட்சிகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்று எனக்கும் அவை சரியாகவே பட்டன. பெட்டியில் இருப்பது அவன் பொருள். காலை முழுக்கக் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் வைரத்தில் செய்த களைக்கொத்து ஒன்று இருந்தது. இரண்டு வைரத்தைக் களைக்கொத்துக்குச் செலவழிக்கிறவனுக்கு எங்கிருந்தோ வைரம் வருகிறது என்றான் மூத்தவன். ஐந்து வைரத்தை எடுத்துக்கொண்டு, குறைந்தது தெரியாமல் இருக்கக் குப்பையைக் கொட்டி மூடியிருக்கிறான் என்று கதை முழுதாகிவிட்டது.

“நான் எடுக்கலீங்ண்ணா. வாசல் பெட்டியிலதான் போட்டேன்” என்றான் அவன்.

## அன்று நான் எடுத்த முடிவுகள்

சண்டை முற்றக் கூடாது என்று நினைத்து, “சரி, உன் பையைத் திறந்து எல்லாருக்கும் காட்டிரு, பிரச்சனை முடிஞ்சிரும்” என்றேன். நியாயமான வழி என்றே நினைத்தேன். அவன் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். வைரம் எதுவும் இல்லை. “எங்கயாவது பொதச்சு வெச்சிருப்பான்” என்றது தம்பி. அவ்வளவுதான். இல்லை என்று காட்டினாலும் குற்றம் தீராது என்பது அந்தப் பையனுக்கு அந்த நொடியில் புரிந்திருக்கும். ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து பேர் விளையாடும் இடத்தில் ஒருவனை மட்டும் பையைத் திறக்கச் சொன்னது என் தவறு. களைக்கொத்துக்கான வைரம் எப்படி வந்தது என்று அவனிடம் கேட்டிருக்கலாம், அதுவும் கேட்கவில்லை.

இன்னொரு முடிவும் எடுத்தேன். வைரப் பெட்டியை யாரும் தொட வேண்டாம், குப்பையை எடுக்க வேண்டாம், நான் பார்க்கும்வரை இப்படியே கிடக்கட்டும் என்று சொல்லி உலகத்தை மூடினேன். ஆலையில் மோட்டார் நின்றால் உடனே மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தவிட மாட்டோம். ரிலே எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் சொன்னது. அன்றைய முடிவுகளில் இது ஒன்றுதான் உருப்படியானது.

## புதன் இரவு கண்டது

மூன்று நாள் வேலை அலைச்சலில் போயிற்று. புதன் இரவு சாப்பிட்ட பிறகு டேப்லெட்டைத் திறந்து வைரப் பெட்டி முன்னால் நின்றேன். இந்த முறை என்ன இருக்கிறது என்பதோடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் பார்த்தேன்.

முதல் கட்டம், 64 வைரம். இரண்டாவது கட்டம், 6 வைரம். மூன்றாவது கட்டத்தில் நான்கு குச்சி. விரலை வைத்தேன், பெயர் வந்தது: தட்டுவடை. நான்காவது கட்டத்திலிருந்து கோபிள், அதற்கப்புறம் விதையும் மண்ணும் கோபிளும் கலந்து கடைசிக் கட்டம் வரை.

அந்தக் குச்சிகள் சல்லடைக்குள் இருக்க வேண்டியவை. அவை பெட்டிக்குள் வர ஒரே வழி கீழ் ஹாப்பர் இழுத்துப் போடுவது. ஒரு ஆள் திருட வந்திருந்தால் சல்லடையைத் திறந்து நான்கு குச்சியை எடுத்துப் பெட்டியில் வைரத்துக்கு அடுத்த கட்டத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டிய அவசியம் என்ன? ஹாப்பர் பெட்டியை முதல் கட்டத்திலிருந்து வரிசையாக நிரப்பும். ஆக, குப்பை வருவதற்கு முன்பே சல்லடை காலியாகிவிட்டது. விதை அப்புறம்தான் வந்தது.

பட்டறைக்காரர் மகளின் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். சனி மாலை 52. சல்லடையில் இருந்த 18-ம் இறங்கியிருந்தால் 70. பெட்டியில் இருப்பதும் 70. அப்படியானால் ஞாயிறு வந்த 23-இல் ஒன்றுகூட இந்தப் பெட்டிக்கு வரவில்லை. காணாமல் போனது 5 இல்லை, 23. உள்ளே இருந்த 18 வெளியே வந்து மறைத்ததால் 5 குறைவது போலத் தெரிந்தது. ஐந்து என்பது ஒரு பையன் எடுத்திருக்கக் கூடிய எண். 23 என்று தெரிந்திருந்தால் அன்றே வேறு மாதிரி யோசித்திருப்போம்.

## நகலில் சோதனை

அசலில் கை வைக்காமல் உலகத்தை நகலெடுத்து, நகலை கிரியேட்டிவ் முறைக்கு (எந்தப் பொருளையும் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்) மாற்றினேன். மூத்தவன் ஃபோனில் ஒரு சந்தேகம் சொல்லியிருந்தான்: “பெட்ராக்ல ரெட்ஸ்டோன் அப்படித்தாண்ணா, பக் இருக்கும்.” இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கணினியில் ஓடும் ஜாவா பதிப்பில் பிஸ்டனுக்கு (பிளாக்கைத் தள்ளும் பாகம்) மேலே உள்ள பிளாக்கில் மின்சாரம் வந்தாலும் பிஸ்டன் அசையும். ஃபோனில் ஓடும் பெட்ராக்கில் அது கிடையாது. ஜாவா வீடியோவைப் பார்த்து இவர்கள் கட்டிய ரகசியக் கதவு அதனால்தான் ஆகஸ்டில் திறக்கவே இல்லை. ஆனால் இந்தச் சல்லடை அமைப்பில் பிஸ்டனே கிடையாது. அதனால் அந்தச் சந்தேகத்தை ஓரம் வைத்தேன்.

கவனித்த வரைக்கும் பழுது ஒரே ஒரு சல்லடையில்தான். இடைவெளி விட்டுக் கட்டிய ஆறும் சுத்தமாக இருந்தன. ஒட்டிக் கட்டிய இரண்டில் ஒன்று பழுது, இன்னொன்றின் பெட்டி முட்ட நிரம்பியிருக்கிறது. மின் வேலை பார்க்கிறவனுக்கு இது போதும். கசிவு.

நகலில் வைரச் சல்லடையை மறுபடி 18-ம் நான்கு குச்சியுமாகச் சரிசெய்தேன். கோபிள் பெட்டியை 27 அடுக்கு, அதாவது 1,728 கல் போட்டு நிரப்பினேன். அதன் கீழ் ஹாப்பரையும் நிரப்பினேன். பிறகு வாசல் பெட்டியில் கோபிளைக் கொட்டிவிட்டு, பின்பக்கம் போய் டார்ச்சுகள் முன்னால் நின்றேன்.

கோபிளின் டார்ச் அணைந்தது. கீழே இடமில்லை, அதனால் கல் இறங்கவில்லை. சல்லடைக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போனது. 23, 30, 40. கொஞ்ச நேரத்தில், ஒரு வைரம்கூட வராமலே, வைரத்தின் டார்ச்சும் அணைந்தது. ஹாப்பர் திறந்துகொண்டது. ஒன்பது வினாடிகூட ஆகவில்லை, 18 வைரமும் நான்கு குச்சியும் இறங்கிச் சல்லடை காலி.

கணக்கு எளிது. ஹாப்பரில் ஐந்து கட்டம், கட்டத்துக்கு 64, ஆக 320. நிறைந்த பங்கை 14-ஆல் பெருக்கி ஒன்று கூட்டி, பின்னத்தை விட்டுவிட்டால் வருவதுதான் கம்பேரட்டரின் பலம். சல்லடையில் மொத்தம் 46 ஆனதும் பலம் 3-க்குப் போகிறது. இரண்டு சல்லடையும் ஒட்டி இருப்பதால் பின்னால் இருக்கும் தூளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. கோபிளின் முதல் தூளில் 3 என்றால் வைரத்தின் முதல் தூளில் 2, இரண்டாவது தூளில் 1. ரிப்பீட்டருக்கு அந்த 1 போதும். கோபிள் பெட்டியில் இடம் இருந்தவரை பலம் 2-க்கு மேல் ஏறியதே இல்லை, அதனால்தான் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது.

மீதி தானாக விளங்கியது. சல்லடை காலியாகித் திறந்தே கிடந்ததால் வரிசையில் வந்த கல், விதை, மண் எல்லாம் வைரப் பெட்டிக்குள் இறங்கின. பெட்டி நிரம்பியது, கீழ் ஹாப்பர் நிரம்பியது, சல்லடையின் ஐந்து கட்டத்திலும் குப்பை உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகுதான் 23 வைரமும் வந்தன. நுழைய இடமில்லாமல் மேல் வரிசையில் நகர்ந்து, மற்ற ஆறு சல்லடையையும் தாண்டி, லாவாவில் விழுந்தன.

இன்னொன்றும் புரிந்தது, அது என்னை ரொம்ப நேரம் தூங்கவிடவில்லை. ஆட்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் இந்த விளையாட்டு எதையும் இயக்காது. எங்கள் டேப்லெட்டில் சிமுலேஷன் தூரம் 4 சங்க், அதாவது ஏறக்குறைய 64 பிளாக். மற்றவர்கள் எல்லோரும் தொலைவில் சுரங்கத்தில் இருந்தார்கள். அன்று காலை கிடங்கு ஓடியதே, இந்தப் பையன் பக்கத்தில் வயலில் நின்றதால்தான். அவன் அங்கே இருந்ததைத்தான் நாங்கள் சாட்சியாகச் சொன்னோம்.

## சனிக்கிழமை

அவன் வரவில்லை. சித்தியிடம் கேட்டேன், வெள்ளி சாயங்காலமே ஏற்காட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

மற்ற நான்கு பேருக்கும் நகலில் முழுதாக ஓட்டிக் காட்டினேன். முதலில் முடிவைச் சொல்லவில்லை. குச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பட்டறைக்காரர் மகள் நோட்டைப் புரட்டி, 52-க்குப் பக்கத்தில் 18 எழுதி, கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். மூத்தவன் வைரத்தின் டார்ச் அணைவதை மூன்று முறை பார்த்தான். நான்காவது முறை, “நான் கட்டினதுதாண்ணா இது” என்றான்.

ஃபோனில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றது ஒரு குரல். நேரில் போவது என்று முடிவு செய்தேன். பழி எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது, அதனால் இதுவும் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும் என்று பட்டது. எல்லோரும் கும்பலாகப் போனால் அவனுக்குச் சங்கடமாக இருக்கும். மூத்தவன் வீட்டில் கேட்டுவிட்டு அவனை மட்டும் கூட்டிக்கொண்டேன்.

## மலையில்

ஞாயிறு காலை ஏற்காடு பஸ். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் மூத்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே மழை விட்டுப் பனி மூட்டமாக இருந்தது. பழம் பறிப்பு தொடங்கியிருந்த நேரம். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே சிவப்பும் பச்சையுமாகச் செடிகள் நின்றன.

பையனின் அம்மாவுக்கு விஷயமே தெரியாது. “சொல்லவே இல்லீங்களே. மேலுக்கு முடியலன்னு நெனச்சேன் தம்பி” என்றார். பையன் காயப்போடும் களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், மூத்தவனைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான்.

“தப்பு எங்க மேலதான்பா. நீ ஒண்ணும் எடுக்கல. மெசின்ல கோளாறு, நான் பாக்காம விட்டுட்டேன். உன்னை மட்டும் பையத் தொறக்கச் சொன்னது எந்தப்பு” என்றேன்.

“அன்னைக்கே சொன்னேன்லங்ண்ணா.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூத்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டேப்லெட்டில் நகலைத் திறந்து, டார்ச் அணைவதைக் காட்டினான். பையன் இரண்டாவது முறை பார்க்கும்போதே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். கல் ஏன் இறங்கவில்லை? மீந்தது ஏன் லாவாவுக்குப் போகிறது?

“வேண்டாததுதானே” என்றான் மூத்தவன். அதற்கு இவன் பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) இருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான். பறித்த பழத்தை அதில் கொட்டினால் நல்ல பழம் மூழ்கும், சொத்தையும் காய்ந்ததும் மிதக்கும். மிதப்பதைத் தனியாக ஒதுக்குவார்கள், எறிய மாட்டார்கள். தனியாகக் காயவைத்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. “மீந்ததுக்கு ஒரு தொட்டி வெச்சிருந்தா வைரம் அதுல கெடந்திருக்கும்ல” என்றான்.

கிளம்பும்போதுதான் களைக்கொத்தைப் பற்றிக் கேட்டேன். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் ஒரு பெட்டியில் இரண்டு வைரம் கிடைத்ததாம்.

## திருப்பிக் கட்டியது

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். மூன்று வழி பேசினோம். இரண்டு சல்லடைக்கும் நடுவே ஒரு பிளாக் இடம் விடுவது ஒன்று. பெட்டி நிரம்பாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, சல்லடையின் எண்ணிக்கையையே மாற்றுவது.

பெட்டி நிரம்பாமல் பார்த்துக்கொள்வது மனிதர் நினைவை நம்பியிருப்பது, அதை உடனே விட்டோம். இடைவெளி மட்டும் போதும். ஆனால் நாளைக்கு யாராவது நடுவில் புதுச் சல்லடை கட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் எண்ணிக்கையை மாற்றினோம். முதல் கட்டத்தில் 18-க்குப் பதில் 41. நான்கு குச்சியோடு 45, பலம் 2. நாற்பத்தாறாவது வந்தால் பலம் 3. தூளை ஒரு பிளாக் கூடுதலாக நீட்டி, 3 வந்தால்தான் ரிப்பீட்டர் எழும்படி வைத்தோம். இதன் அழகு என்னவென்றால், பெட்டி நிரம்பிச் சல்லடையில் 64 வரை ஏறினாலும் மொத்தம் 68தான். 68-க்கும் பலம் 3-ஐத் தாண்டாது. பக்கத்துச் சல்லடையின் முதல் தூளில் 2, இரண்டாவதில் 1, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டது பட்டறைக்காரர் மகள்.

வைரச் சல்லடைக்கு மட்டும் 41 வைரம் முடங்கியது. 70-இல் மிச்சம் 29. யாருக்கும் மனசு வரவில்லை, ஆனாலும் போட்டார்கள்.

லாவா குழியை மூடி, அங்கே மீதிப் பெட்டி ஒன்று வைத்தார்கள். அதில் ஒரே ஒரு பொருள் விழுந்தாலும் கம்பேரட்டர் பலம் 1 தரும், வாசலில் விளக்கு எரியும். ஏற்காட்டுப் பையனே அதைக் கட்டினான். பிறகு நகலில் எல்லாப் பெட்டியையும் வேண்டுமென்றே நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசலில் கட்ட விட்டேன். முன்பு அந்தச் சோதனையைச் செய்திருக்கவே இல்லை. பெட்டி காலியாக இருக்கும்போது ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று கைதட்டிவிட்டுப் போய்விட்டோம்.

## இனி வேறு விதமாகச் செய்வது

புதிதாக எது கட்டினாலும் நிரம்பிய நிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம். எரிக்கும் குழி எதுவும் வைப்பதில்லை. பொருள் குறைந்தால் சல்லடைக்குள் இருப்பதையும் சேர்த்து எண்ணுகிறோம். நோட்டில் அதற்கு இப்போது தனிப் பத்தி இருக்கிறது.

என் பக்கம் மாற்ற வேண்டியது இதைவிடக் கடினம். ஒருவன் பையைத் திறக்க வேண்டுமென்றால் எல்லோரும் திறக்க வேண்டும், என்னுடையதும் சேர்த்து. யாராவது குற்றம் சொன்னால் அன்றைக்கு விளையாட்டை நிறுத்திவிட்டு, முதலில் நகலெடுத்து இயந்திரத்தைப் பார்ப்பது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கே வாரக் கடைசியில்தான் நேரம் கிடைக்கிறது என்பதால், இடையில் ஐந்து நாள் ஒரு பிள்ளை பழியோடு இருக்கும். அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இந்த முறை புதன்கிழமை உட்கார்ந்ததை ஞாயிறு மாலையே செய்திருக்கலாம். அலுப்பாக இருந்தது, செய்யவில்லை.

## அதன் பிறகு

பையன் தொடர்ந்து வருகிறான். முதல் சில வாரம் வாசல் பெட்டியில் எதையாவது கொட்டும் முன் “போடறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போடுவான். யாரும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. பொங்கல் விடுமுறைக்கு அப்புறம் அது நின்றுவிட்டது.

பட்டறைக்காரர் மகள் நவம்பர் பக்கத்தில் ‘குறைவு 5’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே புது வரி எழுதினாள்: வரவு 23, சேதாரம் 23, லாவா. அதற்குப் பக்கத்தில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.